காஸ்ட்ரோவின் குரல்களைக் காப்பாற்றுங்கள்!

சான் பிரான்சிஸ்கோவின் டெண்டர்லாயின் பகுதியில், டர்க் தெருவும் டெய்லர் தெருவும் சந்திக்கும் முனையில் காம்ப்டன்ஸ் என்றொரு சாப்பாட்டுக் கடை இருந்தது. 1966 ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு, அங்கிருந்த திருநங்கை ஒருவரைப் போலீஸ்காரர் பிடித்து இழுக்க, அவர் சூடான காபியைப் போலீஸ்காரரின் முகத்தில் வீசினார். தட்டுகள் பறந்தன. கண்ணாடிகள் நொறுங்கின. சண்டை தெருவுக்கு வந்தது. அமெரிக்காவில் திருநங்கைகள் போலீஸை எதிர்த்துத் திரண்ட முதல் சம்பவங்களில் இது ஒன்று. ஆனாலும் அது எந்தத் தேதி என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. பத்திரிகைகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வரலாற்றாய்வாளர் சூசன் ஸ்ட்ரைக்கர், 1972-ம் ஆண்டுத் தன்பாலீர்ப்பாளர் பேரணி மலர் ஒன்றில் இதைப் பற்றிய குறிப்பைக் கண்டார். அந்தக் காலத்து ஆட்களைத் தேடிப்பிடித்துப் பேசவைத்தார். 2005-ல் வெளிவந்த ‘ஸ்க்ரீமிங் குவீன்ஸ்’ ஆவணப்படத்துக்கு அந்தப் பேட்டிகள்தான் உயிர்.

அதே நகரின் காஸ்ட்ரோ பகுதிக்கும் பேட்டிகளே பெரும் சொத்து. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்த பிறகு, மலிவாகக் கிடைத்த பழைய மரவீடுகளில் தன்பாலீர்ப்பாளர்கள் குடியேறினார்கள். அதுவரை அவர்கள் கூடிய மதுக்கூடங்களில் ஜன்னல்கள் மூடியே இருக்கும். உள்ளே இருப்பதை யாராவது பார்த்துவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம். 1972-ல் ட்வின் பீக்ஸ் மதுக்கூடத்தை நடத்த வந்த இரண்டு பெண்கள், தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல்களை மறைக்காமல் திறந்துவைத்தார்கள். அடுத்த ஆண்டு அந்தத் தெருவில் கேமரா கடை போட்ட ஹார்வி மில்க், 1977-ல் நகரமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1978 நவம்பர் 27 அன்று மேயர் மாஸ்கோனியும் அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். முதல்முறை அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அவர் என்ன சொல்லிச் சமாளித்தார் என்பதை அவர்தானே சொல்ல முடியும்? சொல்ல வேண்டியவர்களில் பலரை எய்ட்ஸ் கொண்டுபோய்விட்டது. அந்த ஒரு நகரத்தில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர். ‘பே ஏரியா ரிப்போர்ட்டர்’ வார இதழ், மரண அறிவிப்பு ஒன்றுகூட இல்லை என்பதையே 1998 ஆகஸ்ட் 13 அன்று தலைப்புச் செய்தியாக்கியது. 17 ஆண்டுகளில் அதுதான் முதல் முறை. 26 பேரின் பேட்டிகளாலேயே அமைந்த ‘வேர்ட் இஸ் அவுட்’ (1977) படத்தைத் தொடங்கிவைத்த பீட்டர் அடேரும் 1996-ல் அதே நோயில் இறந்தார்.

அவர்கள் பேசிவிட்டுப் போன டேப்புகளாவது இருக்கின்றனவே என்று ஆறுதல்பட முடியவில்லை. ஒரு மணி நேரப் பேட்டியில் படத்துக்குள் போவது இரண்டு, மூன்று நிமிடங்கள். மீதியெல்லாம் பெட்டியில். அந்தப் பெட்டி நூலகத்துக்குப் போயிருந்தால் பாக்கியம். பரணிலும் கார் கொட்டகையிலும் கிடந்தால் யார் பொறுப்பு? பழைய டேப்பில் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். ஓடவிட்டால் கிறீச்சிடும், கருவியின் முனையில் பழுப்பாகப் பிசின் அப்பிக்கொள்ளும். அப்படி அப்பியது அவ்வளவும் ஒருவர் பேசிய பேச்சு. சுமார் 50 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காகப் பதமாகச் சூடேற்றினால் கொஞ்ச நாளுக்கு ஓடும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். யூமேட்டிக் என்ற பழைய வீடியோ கேசட்டுகளை ஓட்டும் கருவியை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். காந்த டேப்புகளுக்கு 2025-ம் ஆண்டுதான் கெடு என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே எச்சரித்திருந்தது.

பணம் இல்லை என்று சான் பிரான்சிஸ்கோ நகரம் சொல்ல முடியாது. தன்பாலீர்ப்பாளர் வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கட்டடம் வாங்க 2021-ல் 1.25 கோடி டாலர் ஒதுக்கியது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் குரல்கள் போய்விட்டால் கட்டடத்துக்குள் எதை வைப்பார்கள்? அங்கே விடுதி அறைகளுக்கு 14 சதவீத வரி. அதில் ஒரு பங்கைக் கலைக்கும் பண்பாட்டு வட்டாரங்களுக்கும் ஒதுக்க 2018-ல் மக்களே வாக்களித்தார்கள். 2019-ல் காஸ்ட்ரோவும் பண்பாட்டு வட்டாரமானது. அங்கே பறக்கும் வானவில் கொடியைப் பார்க்க வந்து தங்குபவர்கள் கட்டும் வரியில் ஒரு பகுதி இந்த டேப்புகளுக்குப் போவதுதானே நியாயம்? பழைய வீடியோவைப் படியெடுக்கும் நிபுணர்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள். ‘கலிபோர்னியா ரிவீல்டு’ என்ற மாநிலத் திட்டம் நூலகங்களுக்கும் காப்பகங்களுக்கும் இந்த வேலையைச் செய்துகொடுக்கிறது. ஆனால் தனிமனிதர் வீட்டுப் பெட்டி, ஏதாவதொரு நிறுவனத்தின் கைக்கு வந்தால்தான் அந்த வரிசையில் சேர முடியும். பொது நூலகமும் தன்பாலீர்ப்பாளர் வரலாற்றுச் சங்கமும் யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்று காத்திராமல், படமெடுத்தவர்களின் வீட்டுக் கதவைத் தட்டிப் பட்டியல் எடுக்க வேண்டும்.

ஒப்புதல் விஷயத்தில் அவசரம் கூடாது. குடும்பத்துக்குத் தெரியாமல் பேசியவர்கள் உண்டு. ஒரு படத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. எனவே முதலில் படியெடுத்துப் பூட்டி வையுங்கள். உயிரோடிருப்பவர்களிடமும் இறந்தவர்களின் உறவினர், துணைவர்களிடமும் கேட்டபிறகு ஒவ்வொன்றாகத் திறக்கலாம். கேட்டு முடிக்கும்வரை படியெடுப்பதைத் தள்ளிப்போட்டால், திறக்க ஒன்றும் மிஞ்சாது.

நகரத்தின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. மேயர் ஜூன் தொடக்கத்தில் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைப்பார். அடுத்த திட்டத்திலேயே இதற்கென்று தனித் தலைப்பில் தொகை வர வேண்டும். டேப் வைத்திருப்பவர்கள் அதுவரை அவற்றைக் கருவியில் போட்டுப் பார்க்காமல், ஈரமும் வெயிலும் படாத அறையில் நிமிர்த்தி வைத்து, யாருடைய பேட்டி, எந்த ஆண்டு என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டுங்கள்.