கையாற் கட்டிய கூண்டு வண்டி
(ஒரு பழைய மாணவன்)

பிரயாணஞ் செய்ய விரும்பாதார் உலகில் மிகச் சிலர். செல்லுமிடத்தும் வீட்டின் சுகத்தை நாடாதாரோ அவரினுஞ் சிலர். இவ்விரண்டு விருப்பங்களையும் ஒருங்கே நிறைவேற்ற மனிதர் கண்ட உபாயங்களுள் கூண்டு வண்டி ஒன்று. நம் முன்னோர் திருவிழாவுக்குங் கலியாணத்துக்குஞ் செல்லுங்கால், வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேற் பாயை விரித்து, கட்டுச்சோற்று மூட்டையுடன் இரவெல்லாம் உறங்கிக்கொண்டே சென்றனர். அமெரிக்கர் அத்தகைய கூண்டொன்றை மோட்டார் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்கின்றனர். யான் பல்லாண்டுகளாக வசித்துவரும் மிச்சிகன் மாகாணத்தில், ஆயத்தமாக விற்கும் வண்டிகளை வாங்குவாரேயன்றி, சாமான் ஏற்றுதற்குரிய சாதாரண டிரெய்லரொன்றை வாங்கி, அதன்மேல் தம் கையாலேயே சிறு படுக்கையறை கட்டிக்கொள்வாரும் உளர். அவருள் யானும் ஒருவன். அங்ஙனங் கட்டுவது நன்று. ஆனாற் கட்டியதை நிறுத்துப் பாராமற் சாலையில் இழுத்துச் செல்வது பிறர்க்கு இழைக்குந் தீங்கு. இதுவே இக்கட்டுரையில் யான் கூறக் கருதியது.

இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1929-ஆம் ஆண்டில் டெட்ராயிட் நகரத்து ஆர்தர் ஷெர்மன் என்னும் நுண்ணுயிர் நூல் வல்லார், ஐந்து நிமிஷத்தில் விரித்து நிறுத்தலாமென விளம்பரஞ் செய்யப்பெற்ற மடிப்பு வண்டியொன்றை வாங்கிக் குடும்பத்துடன் உல்லாசப் பிரயாணம் போயினர். இடியும் மழையும் வந்தபோது அது விரித்து முடிந்தபாடில்லை, எல்லாரும் நனைந்தனர். ஊர் திரும்பிய அவர், தச்சர் ஒருவரைக் கொண்டு 9 அடி நீளமும் 6 அடி அகலமுமுள்ள மரக்கூண்டொன்றைத் தாமே திட்டமிட்டுச் செய்வித்தனர். கண்டவரெல்லாந் தமக்கும் ஒன்று வேண்டுமென்றமையால் அதனையே தொழிலாகக் கொண்டனர். 1936-ஆம் ஆண்டளவில் அவரது கம்பெனி அந்நாட்டில் இவ்வகை வண்டி செய்யுங் கம்பெனிகளுள் மிகப் பெரியதாயிற்று. வெள்ளிபோல் மின்னும் ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளைப் பின்னாளிற் செய்த வாலி பையம் என்பவரும், முதலில், வண்டியைத் தாமே கட்டிக்கொள்ள விரும்புவார்க்கு வரைபடங்களை விற்றவரே. ஆகவே, இப்பெருந்தொழிலின் வேர் சாமானிய மனிதனின் வீட்டுக் கொட்டகையில் உளது என்பது தெளிவு.

என் வண்டி 5 அடி அகலமும் 8 அடி நீளமுமுள்ள டிரெய்லரின்மீது எழுந்தது. பிளைவுட் பலகைகள் 4 அடிக்கு 8 அடியாகவே விற்கப்படுவதால், 4 அடி உயரமுள்ள பக்கச்சுவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப்பலகை போதுமானதாயிற்று. உள்ளே இருவர் படுக்கலாம், நிற்கலாகாது. பின்புறத்திற் கீல் பொருத்திய மூடியும், அதனடியிற் சமையற் பெட்டியும் அமைத்தேன். சாலையில் ஓடும் வண்டியில் ஒவ்வொரு நாளும் சிறு பூகம்பமாதலால் ஆணி நாளடைவிற் கழன்றுவிடும். ஆகவே பசையிட்டுத் திருகாணியால் முடுக்கினேன். கூரைக்குக் கித்தானை ஒட்டி மூன்று முறை வர்ணம் பூசினேன். உறங்குவோர் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த சுவரிற் பட்டு நீராகி விடியற்காலத்திற் படுக்கையில் சொட்டுமாதலின், காற்றுப் போக்குதற்கு மேலும் கீழும் வழிகள் விட்டேன். உள்ளே அடுப்பு மூட்டலாகாதென்பதை முதல் விதியாகக் கொண்டேன். அரைகுறையாய் எரியும் நெருப்பினின்று எழும் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமுமின்றி உறங்குவோரைக் கொல்வது.

இவ்வளவும் யோசித்த யான் ஒன்றை யோசித்திலேன். டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் ஒரு சிறு தகடு உண்டு. வண்டியும் அதன்மேல் ஏற்றுவதும் ஆக மொத்தம் 2,000 இராத்தலுக்கு மேற்படலாகாதென அதிற் பொறித்திருந்தது. அதனைப் பலமுறை வாசித்தவனே யான். ஆயினும் ஒவ்வொரு பலகையையுந் தனித்தனியே தூக்கியபோது அஃது இலேசாகவே இருந்தமையால், எல்லாஞ் சேர்ந்தும் இலேசாகவே இருக்குமென நம்பினேன். மயிற்பீலியேயாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றின் அச்சு முறியுமென வள்ளுவர் கூறியதைப் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடஞ் செய்து பரிசும் பெற்றவன் இவ்வாறு நம்பினான் என்பதை வெட்கத்துடன் எழுதுகின்றேன்.

முதற் பிரயாணத்தில் யானும் என் மனைவியும் சுப்பீரியர் ஏரியை நோக்கி வடக்கே புறப்பட்டோம். மிச்சிகனின் இரு பகுதிகளையும் பிரிக்கும் ஜலசந்தியின்மேல், 1957-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மாக்கினா பாலம் ஏறக்குறைய 5 மைல் நீளமுடையது. காற்று மிகுந்த நாட்களில் உயரமான வண்டிகளையும் டிரெய்லர்களையும் பாலத்து அதிகாரிகள் முன்னே வழிகாட்டி மெதுவாக அழைத்துச் செல்வர். அப்பாலத்தை அடைதற்கு முன்னரே, நெடுஞ்சாலையில் ஒரு பெருஞ் சுமைலாரி எம்மைக் கடந்து சென்றது. உடனே எம் வண்டி நாயின் வாலைப்போல் இருபுறமும் ஆடலாயிற்று. ஆட்டம் வளர்ந்து காரையும் இழுத்தாட்டியது. பின்னே வந்த காரிற் குழந்தைகள் இருந்ததைக் கண்ணாடியிற் கண்டேன். பிரேக்கை மிதியாமல் வேகத்தை மெல்லத் தளர்த்தினேன், ஆட்டம் ஓய்ந்தது. ஓரமாக நிறுத்தியபோது எம்மிருவர்க்கும் பேச்செழவில்லை. அக்குழந்தைகளின் கார் எம்மைக் கடந்து போயிற்று. தம் உயிர் என் கைவேலையில் தொங்கியதை அவர் அறியார்.

அடுத்த ஊரில் லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்றிருந்தது. காரினின்று கழற்றி நிறுத்தபோது வண்டி 2,240 இராத்தல். காரிற் பூட்டி நிறுத்தபோது அச்சின்மேல் 2,120 இராத்தல். ஆகவே காரின் கொக்கியில் அமர்ந்தது 120 இராத்தலே. மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு முன்னே அமரவேண்டுமென்பது இங்குள்ளார் கைக்கொள்ளும் விதி. எம் வண்டிக்கு 224 இராத்தலேனும் வேண்டும். குறைவின், வால் கனத்து வண்டி ஆடும். வாலிற் கனந் தந்தவை யாவை? சமையற் பெட்டி, உணவுப் பெட்டி, 15 காலன் தண்ணீர், இவற்றுடன் என் மனைவி ஊரிலிருந்து கொணர்ந்த சிறு அம்மி. தண்ணீர் மட்டுமே 125 இராத்தல்! அதனைக் கொட்டினோம், உணவையும் அம்மியையுங் காருக்கு மாற்றினோம், பின்னே கிடந்த பாட்டரியை முன்னே நகர்த்தினோம். மறுபடி நிறுத்தபோது மொத்தம் 1,980, கொக்கியில் 220. பாலத்தின்மேல் வண்டி கோடு பிறழாமற் சென்றது.

எடைமேடையில் நின்றபோது என் தாய்மாமன் நினைவுக்கு வந்தார். பாரவண்டி ஓட்டியவர், கையெழுத்துப் போட மட்டும் அறிந்தவர். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து கயிறு கழுத்தை இறுக்கும் என்று அவர் நன்கறிவார். மூட்டைகளை ஏற்றியவுடன் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையைச் சாண் தூரம் நகர்த்திய பின்னரே மாட்டைப் பூட்டுவார். மாட்டின் வேதனை அவர் கண்முன் நின்றமையால் அவர் தவறவில்லை. எஞ்சினுக்குக் கழுத்து நோவதில்லை. ஆதலால் யான் தவறினேன்.

இவ்வபாயம் உண்டாதலின் கையாற் கட்டுவதையே சட்டம் விலக்கவேண்டுமெனக் கூறுவாருமுளர். அஃது எனக்கு உடன்பாடன்று. கடையில் வாங்கிய வண்டியிலும் தண்ணீரையுந் தட்டுமுட்டுகளையும் நிரப்பி இதே பிழையைச் செய்யலாம். தானே கட்டியவனோ ஒவ்வொரு திருகாணியின் இடத்தையும் அறிவான்; கூரை ஒழுகின் எங்கே ஒழுகுமென்றறிந்து, நடுக்காட்டிலுந் தானே செப்பனிடுவான். புத்தகம் பிடித்த கைக்கு உளியும் வாளும் இழுக்கல்ல. தவறு கட்டியதில் இல்லை. கட்டியதைக் கண்டு மகிழ்ந்து, அம்மகிழ்ச்சியையே அளவுகோலாகக் கொண்டதில் உளது. நம் கைவேலையை நாமே மெச்சுவதற்கு எல்லை உண்டு. நமக்குப் பின்னே பிறர் பிள்ளைகள் வருஞ் சாலையில் அவ்வெல்லை தொடங்குகின்றது. அங்கே நம் நம்பிக்கை சாட்சியாகாது. எடைமேடை கூறுவதே சாட்சி.

மாணவ நண்பர்காள்! உங்களுள் எவரேனும் ஒருநாள் இத்தகைய வண்டி கட்டக்கூடும். அன்றேல் பாலமோ, எந்திரமோ, மருந்தோ செய்யக்கூடும். எதைச் செய்யினும், அயலார் முன் அதனைக் கொண்டு செல்லுமுன் நிறுத்துப் பாருங்கள். எண் உங்கள் விருப்பத்துக்கு மாறாக நின்றால் எண்ணைத் திருத்தாமற் சுமையைக் குறையுங்கள். உங்கள் ஊரில் பாரவண்டி ஓட்டிய முதியவர் எவரேனும் இன்னும் இருப்பின், இவ்விடுமுறையிலேயே அவரிடஞ் சென்று, மூட்டையை எவ்வாறு ஏற்றினார் என்று கேட்டறிந்து வாருங்கள். யான் எடைமேடையிற் பணங்கொடுத்துக் கற்றதை அவர் திண்ணையில் இலவசமாகக் கற்பிப்பார்.