கோட்டம் எடுக்கத் தெரியாதவர்கள்

அண்மையில் சிற்றிதழொன்றில் மிதிவண்டி குறித்த கட்டுரை ஒன்றை வாசிக்க நேர்ந்தது. எழுதியவர் பெயரும் இதழின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. அது அவர் ஒருவரது கருத்தாக மட்டும் இருந்திருந்தால் நாம் இதனை எழுதப் புகுந்திருக்க மாட்டோம். இலக்கியக் கூட்டங்களிலும் தேநீர்க் கடைகளிலும் நாம் பலகாலமாகக் கேட்டுவருவதையே அவர் அச்சில் ஏற்றியிருக்கிறார். அவர் கூற்று இரண்டு. கியர் இல்லாத ஒற்றைப் பற்சக்கர வண்டியைத் தன் கையாலேயே கோத்து, தன் விருப்பப்படி மாற்றி ஓட்டும் 'பண்பாடு' சென்னை, கோவை இளைஞர்கள் வழியாக அயலிலிருந்து இப்போதுதான் தமிழகத்துக்கு வந்திருக்கிறது என்பது ஒன்று. அதற்கு முன்பு மிதிவண்டி என்பது நமக்கு வறுமையின் வாகனமாகவும் நினைவேக்கத்தின் கண்ணீர்த் துளியாகவும் மட்டுமே இருந்தது என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒற்றைப் பற்சக்கர வண்டியில் இருவகை உண்டு. பின்சக்கரத்தில் ப்ரீவீல் உள்ளது ஒருவகை. காலை நிறுத்தினாலும் வண்டி உருளும், உள்ளே பற்கள் டிக்டிக்கென்று ஓசையிடும். ப்ரீவீல் இல்லாமல் பற்சக்கரம் சக்கரத்தோடு இறுகப் பிணைந்திருப்பது மற்றொரு வகை. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், காலும் சுழன்றாக வேண்டும். 1885இல் ஸ்டார்லி செய்த ரோவர் வண்டி தொடங்கி, 1900ஐ ஒட்டி ப்ரீவீல் பரவும்வரை ஓடிய வண்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. ஆக, இன்று புதுமை என்று கொண்டாடப்படுவது மிதிவண்டியின் குழந்தைப் பருவம்.

இந்த வகை வண்டியை நாம் முதன்முதலில் ஓட்டியது எந்த நகரத்திலும் அன்று. பள்ளியிறுதி வகுப்பு படித்தபோது, குருவிகுளத்திலிருந்து சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு மிதித்துப் போய்த் திரும்புகையில் வண்டியின் ப்ரீவீல் செத்துப்போயிற்று. பெடலை மிதித்தால் சும்மா சுற்றியது, வண்டி நகரவில்லை. இரவு நேரம்; மாற்றுவதற்கு வேறு ப்ரீவீலும் இல்லை. வழியோரத்துக் கடைக்காரர் கட்டுக்கம்பியை எடுத்துப் பற்சக்கரத்தையும் ஸ்போக்குகளையும் சேர்த்து நாலைந்து இடத்தில் முறுக்கிக் கட்டினார். "அண்ணாச்சி, ஊருக்குப் போயிரலாமா?" என்று கேட்டோம். "போயிரலாம் தம்பி. ஆனா எறக்கத்துல காலை மட்டும் நிப்பாட்டிராத, தூக்கி வீசிரும்" என்றார். ஊர்வரையில் கால் ஓயாமல் மிதித்து வந்தோம். அவருக்கு அயல்நாட்டு இதழ் எதுவும் வந்ததில்லை. ப்ரீவீலின் வேலை என்ன, அது இல்லாவிட்டால் என்னவாகும் என்பது அவர் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி, நம் 'பெரிய சைக்கிளை' எடுத்துக்கொள்வோம். முன்னே 44 பல், பின்னே 18 பல், 28 அங்குலச் சக்கரம் என்பது அதன் பரவலான அமைப்பு. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். மேடு குறைந்த கரிசல் சமவெளியில், பின்னால் ஒரு மூட்டையோடு நாளெல்லாம் மிதிக்க ஏற்ற கணக்கு இது. முன்சக்கரத்தில் 32 ஸ்போக், பின்சக்கரத்தில் 40. பாரம் பின்னால்தான் ஏறும் என்று தெரிந்த பகிர்வு. பின் அச்சு அமரும் பிளவு நீளவாக்கில் இருப்பதால், சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயினை முறுக்கேற்றலாம். மேலை நாடுகளில் ஒற்றைப் பற்சக்கர வண்டி கோப்போர் இத்தகைய பிளவுள்ள பழைய சட்டங்களைத் தேடியலைவது வழக்கம். அது நம் ஊரில் எந்தத் திண்ணையிலும் சாய்ந்து கிடந்தது.

மாற்றியமைத்தல் நமக்குப் புதிதா? சாணை பிடிப்பவரின் வண்டியைப் பாருங்கள். ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, அதிலிருந்து வாரோட்டிச் சாணைக்கல்லைச் சுழற்றுகிறார். பயணத்துக்கு ஒன்றாகவும் பட்டறைக்கு ஒன்றாகவும் ஒரே எந்திரம் இரண்டு வேலை செய்கிறது. கோடையில் தண்ணீருக்கு அலையும் நம் வட்டாரத்தில் இருபுறமும் குடங்களைத் தாங்கக் கம்பி வளைத்துப் பற்றவைத்த கேரியர்கள், பால்காரரின் தூக்குக் கொக்கிகள், மழைக்காலத்தில் கரிசல் மண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும் என்பதால் மட்கார்டைக் கழற்றிப்போட்ட வண்டிகள் என அடுக்கிக்கொண்டே போகலாம். மண்ணும் தொழிலும் கேட்ட மாற்றங்கள் இவை. பாரைச் சுற்றி வண்ண நாடா சுற்றியதும், ஹேண்டில்பாரில் குஞ்சம் தொங்கவிட்டதும், இந்தக் கம்பெனி சட்டத்துக்கு அந்த டைனமோதான் பொருத்தம் என்று கடை வாசலில் மணிக்கணக்கில் வாதிட்டதும் அழகுணர்வு அன்றி வேறென்ன?

நகரத்து இளைஞர்களை நாம் பழிக்கவில்லை. தன் வண்டியைத் தானே கழற்றிப் பூட்டுகிறவன், எதையும் வாங்கியெறிகிறவனைவிட மேலானவன். பிரேக் இல்லாமல் நெரிசல் தெருவில் ஓட்டுவதை மட்டும் கண்டிப்போம். அது ஓடுதளத்துக்கு உரிய வண்டி. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறோம்: நம் ஊர்க் கடைக்காரர் சட்டத்தைத் தானே வார்த்தவர் அல்லர். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸோ வடக்கத்திய ஆலைகளோ செய்தனுப்பிய உறுப்புகளைத்தான் அவர் கோத்தார். எனினும் 40 ஸ்போக்கையும் முடைந்து, ஒவ்வொன்றாக விரலால் தட்டி, அதன் ஓசையிலேயே தளர்வையும் இறுக்கத்தையும் கண்டு சக்கரத்தை நேராக்குவது எந்த ஆலையிலிருந்தும் பொட்டலமாக வருவதில்லை.

ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் பந்தயங்களில் ப்ரீவீலும் பிரேக்கும் அற்ற வண்டிகளே ஓடுகின்றன. அவற்றின் சட்டங்களைச் சிறு பட்டறைகளில் கையால் செய்கிறார்கள். அதற்கென முறையான ஏற்பும் முத்திரையும் உண்டு. 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்துமுறை உலக விரைவோட்டப் பட்டம் வென்ற கோயிச்சி நகானோவைப் பேசுகிறவர்கள், அவருக்கு வண்டி செய்த நாகசாவாவையும் பேசுகிறார்கள். அங்கே கைவினைஞனுக்குப் பெயர் இருக்கிறது. இங்கே அவர் 'சைக்கிள் கடைக்காரர்', அவ்வளவுதான்.

பெயரற்றவராக அவரை ஆக்கியதில் இலக்கியவாதிகளாகிய நமக்குப் பங்கில்லையா? நம் கதைகளிலும் கவிதைகளிலும் மிதிவண்டி வருகிறது. அப்பாவின் வியர்வையாக வருகிறது, இழந்த காதலின் மணியோசையாக வருகிறது, குரங்குபெடல் போட்ட பால்யமாக வருகிறது. ராசி அழகப்பனின் சிறுகதையை அடியொற்றி 2024இல் 'குரங்கு பெடல்' என்னும் திரைப்படமே வந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் வண்டி எப்படி ஓடுகிறது, எங்கே தேய்கிறது, யார் கை அதைச் சரிசெய்கிறது என்று நின்று நோக்கிய வரிகள் எத்தனை? சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் ஈயும் தேரைப் பாடிய நத்தத்தனார், சக்கரத்தின் ஆரையும் இரும்பு விளிம்பையும் அதனை முற்றுவித்த வினைஞரின் கைத்திறனையும் சொல்லாமல் விடவில்லை. பரிசிலைப் பாடவந்த புலவருக்கே தச்சன் கண்ணில் பட்டான். நமக்கு ஏன் படவில்லை?

சொற்களையாவது காத்தோமா? சைக்கிள் கடையில் வளைந்த சக்கரத்தை நேராக்குவதற்குக் 'கோட்டம் எடுத்தல்' என்று பெயர். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்லின் கோணலுக்கு ஆண்ட அதே கோட்டம்தான் இது. வகுப்பறையில் அருஞ்சொற்பொருள் எழுதிப்போட்டு நாம் உயிர் கொடுக்க முயலும் சொல், கிரீஸ் படிந்த ஒரு வாயில் இயல்பாக உயிரோடு இருந்தது. 'ஓவர்ஹால்' அங்கே 'ஓவராயில்' ஆயிற்று. எண்ணெய் போட்டுக் கழுவிப் பூட்டும் வேலைக்கு அது பொருத்தமான திரிபு அல்லவா? தூய்மைவாதிகள் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். நவீனவாதிகள் காதே கொடுக்கவில்லை. கி.ரா. 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தபோது காட்டிய வழி, நம் தமிழ்த்துறைகளுக்குள் எவ்வளவு தூரம் வந்தது?

இங்கே நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன்பு நம்மிடம் முதுகலை படித்த மாணவர் ஒருவர், 'மிதிவண்டிக் கடைத் தொழிற்சொற்கள்' என்று ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கொடுத்தார். அவர் தந்தையார் கடை வைத்திருந்தவர். தலைப்பைத் தேர்வுசெய்ய அமர்ந்த குழுவில் ஒருவர், "பஞ்சர் ஒட்டுவதற்கா எம்.ஏ.?" என்றார். எல்லோரும் சிரித்தனர். நாமும் அந்தக் குழுவில் இருந்தோம். சிரித்தோமா என்பது நினைவில்லை. மறுத்துப் பேசவில்லை என்பது நன்றாக நினைவிருக்கிறது. மாணவர் வழக்கமான நாவல் ஆய்வொன்றை எழுதித் தேர்ச்சி பெற்றார். அவர் தந்தையார் இன்று இல்லை. அந்தச் சொற்களை இனி அவரிடம் கேட்க முடியாது.

குருவிகுளத்தில் நாம் சிறுவராயிருந்தபோது வாடகைக்கு வண்டி விடும் கடைகள் மூன்று இருந்தன. இப்போது ஒன்று மிஞ்சியிருக்கிறது. அங்கும் பாதி நாள் மோட்டார் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டும் வேலைதான். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிப் பின்பு அரசு, உதவிபெறும் பள்ளிகளின் பிற மாணவர்க்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால் வண்டிகள் ஊருக்குள் வந்தன. வண்டிக்கு நன்றி. அதன் கோட்டத்தை எடுக்கும் கைகள் அடுத்த தலைமுறைக்கு எப்படி வரும் என்பதை யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. 2020 ஜூன் 3, உலக மிதிவண்டி நாளன்று, அட்லஸ் நிறுவனம் தன் சாகிபாபாத் ஆலையை நிறுத்தியது நாடெங்கும் செய்தியாயிற்று. ஊர்க்கடை மூடுவது யாருக்கும் செய்தியன்று.

ஆகவே கட்டுரையாளருக்கும் அவரையொத்த நண்பர்களுக்கும் நாம் சொல்வது இதுதான். வராத ஒன்றை வந்ததென்று வரவேற்பதற்கு முன், இருக்கிற ஒன்று போய்க்கொண்டிருப்பதைக் காணுங்கள். அடுத்த கட்டுரையை எழுதுமுன் உங்கள் ஊர்ச் சைக்கிள் கடையில் ஒருநாள் முழுக்க உட்காருங்கள், குறிப்பேடு கொண்டுபோங்கள். கண்ணீர் சிந்த வேண்டாம், சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டால் போதும். இவ்வாண்டு நம் வகுப்பு மாணவரில் நால்வரை அவ்வாறு அனுப்பியிருக்கிறோம். ஒருவர் திரும்பிவந்து, "ஐயா, ஸ்போக்கைத் தட்டிப் பார்த்தா சத்தத்துலயே தெரியுதாம், எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார். மறுபடியும் போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறோம்.