பத்து மீட்டருக்கு எங்கே போவது?

வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து சேலையூரில் என் மதிப்பு கூடிவிட்டது. கேபிள்காரர்கூட, 'முடிஞ்சப்போ கொடுங்க சார்' என்கிறார். பாவம், அவர் பார்த்தது நீளமான அட்டைப்பெட்டியை மட்டும்தான். உள்ளே இருப்பது ஏர் கன். எடை இரண்டரைக் கிலோ. என் சகதர்மிணி தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து தூக்கி வரும் சேனைக்கிழங்கு இதைவிடக் கனம்.

"லைசென்ஸ் வாங்கியாச்சா?" என்றார் எதிர்வீட்டு ரிடையர்டு ரயில்வே.

2016-ஆம் வருட ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குண்டின் சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம் என்றேன்.

"அப்ப வெறும் பொம்மைன்னு சொல்லுங்க!"

பி.காம். மூளையைக் கசக்கிக் கணக்குப் போட்டேன். அரை கிராம் ஈயக் குண்டு 20 ஜூலில் புறப்பட்டால் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகம். அதே வேகத்தில் மின்சார ரயில் ஓடினால் தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு இரண்டே நிமிஷம். என்னுடையது அதில் பாதி சக்திதான். ஆனால், கண்ணில் பட்டால் கண்ணுக்குப் பாதியாவது, முழுசாவது!

குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை நெருக்க, காற்று குண்டைத் துரத்தும். மருந்தில்லை, புகையில்லை. குண்டு போடாமல் சும்மா 'டப்' பண்ணக்கூடாது. பிஸ்டன் போய் மோதி ஸ்பிரிங்கின் ஆயுசு குறையும். வீட்டுக்கு வரும் வாண்டுகள் முதலில் செய்ய ஆசைப்படுவது இதைத்தான். எனவே துப்பாக்கி பீரோவுக்குள், சாவி என் பூணூல் மாதிரி என்னோடு.

சரி, எங்கே சுடுவது? போட்டித் தூரம் பத்து மீட்டர், அதாவது 33 அடி. எங்களுடையது அரை கிரவுண்டு. ஹால் வாசலிலிருந்து கொல்லை வரை அளந்தால் நடுவில் ஃபிரிட்ஜ், மாமியார், பூஜை அலமாரி. மொட்டை மாடியில் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்ததில் 36 அடி கிடைத்தது. குண்டு சுவரில் பட்டுத் திரும்பி வரக்கூடாதே! மாடிப்படி அறைச் சுவரோரம் ஒரு மரப்பெட்டி வைத்து, அதில் பழைய இன்கம்டாக்ஸ் கையேடுகளை அடுக்கினேன். வருஷா வருஷம் காலாவதியாகும் அவற்றுக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

அதற்குள் மனுக்கள் குவிந்துவிட்டன. கொய்யா மரத்துக் கிளி, வடாம் கொத்தும் காக்கா. பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் குரங்கு விஷயமாக ஆட்டோவிலேயே வந்து இறங்கினார். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாமே தவிர, 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது; கிளியையோ குரங்கையோ சுட்டால் கேஸ்!

"கொல்ல வேணாம் சார், சும்மா கால்ல ஒண்ணு..."

இந்தக் 'கால்ல ஒண்ணு'தான் எனக்குப் பிடிக்காத வார்த்தை. குண்டு உள்ளேயே தங்கும். அந்தப் பிராணி நம் கண்ணுக்குத் தெரியாமல் நாலு தெரு தள்ளிப் போய், நாலு நாள் துடித்துச் சாகும். முடியாது என்று சொல்லி, வந்த ஆட்டோவிலேயே அனுப்பிவைத்தேன்.

இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் வேடந்தாங்கல் வரும். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளுக்குப் பாதுகாப்பு என்று எழுத்து மூலமாகவே வாங்கிவிட்டார்கள். கருணை மட்டும் காரணமில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம். பி.காம். படிக்காமலேயே வரவு செலவு தெரிந்த ஜனங்கள்!

ஆகவே என் எதிரி காகித அட்டை மட்டுமே. நடுவில் இருக்கும் பத்து மார்க் புள்ளி அரை மில்லிமீட்டர். குண்டு அதைப் போல் ஒன்பது மடங்கு பருமன். இந்தப் புள்ளியை நம்பித்தான் 2008-ல் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினார்; கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார். எனக்கு நல்ல நாளில் ஏழு விழும்.

போன ஞாயிற்றுக்கிழமை ரிடையர்டு ரயில்வே, "பொம்மையைக் கொடுங்க, பார்ப்போம்" என்று மாடிக்கு வந்தார். மூன்று குண்டு. அட்டையில் ஒரு கீறல் இல்லை. தேடிப் பார்த்தால், ஒரு குண்டு கையேட்டில் 80சி பிரிவைத் துளைத்து உள்ளே போயிருந்தது.

"விடுங்க சார், அதை இவ்வளவு ஆழமா யாரும் படிச்சதே இல்லை" என்றேன்.