கரையிறங்கும் ஒரு நாள்: விருந்தாளியின் கடமை



கடலைக் காண நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டிய நமது கொங்கு மண்ணிலும் இப்போது கப்பல் சுற்றுலா பற்றிய பேச்சு கேட்கிறது. கோடை விடுமுறை என்றால் உதகை, வால்பாறை, மூணாறு என்றிருந்த நம் குடும்பங்களில் சில, சென்னை சென்று கப்பலேறி இலங்கையைப் பார்த்துவர விரும்புகின்றன. 2023 ஜூன் மாதம் கோர்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குச் செல்லத் தொடங்கியபின் இவ்விருப்பம் வளர்ந்துள்ளது.

இப்பயணம் கூடுமா, கூடாதா என்பதே நம்மிடம் எழுப்பப்படும் கேள்வி. சூதாட்டம், மது, பார்வை பேணாத கேளிக்கை ஆகியவை ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அவற்றிலிருந்து தன்னையும் குடும்பத்தையும் காத்துக்கொள்ள இயலாதவர் அக்கப்பலில் ஏறாதிருப்பதே மேல். இதற்குமேல் ஒரு கேள்வி உண்டு. அதை எவரும் கேட்பதில்லை. காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடும் அந்த ஒரு நாளில், அந்தத் தீவின் மக்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை என்ன?

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்குமாறு திருமறை பல இடங்களில் நம்மை ஏவுகிறது. அது ஏவும் பார்வை படிப்பினை பெறும் பார்வை. 1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா மாலத்தீவிலிருந்து புறப்பட்டு இதே இலங்கையில் கரையிறங்கினார். அங்கு ஆட்சி செலுத்திய ஆரியச் சக்கரவர்த்தியிடம் அவர் வேண்டியது, ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாக நம்பப்படும் மலையைக் காண வேண்டும் என்பதுதான். அம்மன்னர் முஸ்லிம் அல்லர். ஆயினும் பல்லக்கு தந்து, யோகிகளையும் பிராமணர்களையும் வழித்துணையாக அனுப்பிவைத்தார். வந்தவர் எதைக் காண வந்தோம் என்பதை அறிந்திருந்தார். வரவேற்றவர் விருந்தாளியை மதித்தார். ஏறத்தாழ 680 ஆண்டுகள் கழித்து அதே கரையில் இறங்கும் நாம் எதைக் காணச் செல்கிறோம்?

காங்கேசன்துறையை எடுத்துக்கொள்வோம். அங்கு இறங்குபவர் கண்ணில் படுவது 1990இல் இயக்கம் நின்றுபோன சிமெந்துத் தொழிற்சாலை. அதே ஆண்டில் போர் காரணமாக வலிகாமம் வடக்கின் தமிழ் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அவர்களின் வீடும் தோட்டமும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயின. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் தம் சொந்த மண்ணை மிதிக்க இயலவில்லை. பயணி குளிர்பானத்துடன் நடந்து செல்லும் சாலைக்குப் பின்னே இத்தனை கண்ணீர் இருக்கிறது.

அங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் யாழ்ப்பாண நகரம். நல்லூர், ஒல்லாந்தர் கோட்டை, 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்ட பொது நூலகம் ஆகியவற்றை வழிகாட்டிகள் காட்டுவார்கள். சோனகத் தெருவை எத்தனை பேர் காட்டுவார்கள்? 1990 அக்டோபர் 30 அன்று, ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்ட அத்தெருவின் முஸ்லிம்களிடம், இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். பல தலைமுறைகளின் வீடும் கடையும் நகையும் அங்கேயே விடப்பட்டன. வட மாகாணம் முழுவதிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்தின் முகாம்களில் காலம் கழித்தனர். 2009இல் போர் முடிந்த பின் திரும்பி வந்தோர் ஒரு பகுதியினரே.

இவ்விரு துயரங்களையும் சேர்த்தே அறிய வேண்டும். ஒரு சமூகத்தின் மீதுள்ள கசப்பு நீதி தவறுவதற்குக் காரணமாகிவிடக் கூடாது என்பது இறைக்கட்டளை. வெளியேற்றப்பட்ட முஸ்லிமுக்காக அழும் கண், வீடிழந்த தமிழருக்காகவும் அழ வேண்டும். கோவை முஸ்லிம்களாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். கோட்டைமேடு என்றதும் 1998ஐ மட்டும் நினைவுகூர்ந்து, அங்குள்ள பள்ளிவாசலையும் கடைவீதியையும் உழைக்கும் மக்களையும் பார்க்க மறுப்போரை நாம் அறிவோம். நம்மை அவ்வாறு பார்ப்பது அநீதி எனில், பிறர் ஊரை நாம் ஒரு புகைப்படத்தின் பின்னணியாக மட்டும் பார்ப்பதும் முறையன்று.

ஆகவே, யாழ்ப்பாணம் செல்லும் குடும்பம் ஒரு வேளைத் தொழுகையையேனும் அங்குள்ள ஜமாஅத்தோடு நிறைவேற்றட்டும். பயணியர் லுஹரையும் அஸரையும் இரண்டு ரக்அத்களாகச் சுருக்கித் தொழலாம். ஆயினும் உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்காக முழுமைப்படுத்த வேண்டும். நம் பகுதியில் ஹனஃபி மத்ஹபினர் மிகுதி. இலங்கையில் ஷாஃபி மத்ஹபினர் மிகுதி. எனவே அங்கு அஸர் பாங்கு நமக்குப் பழகிய நேரத்துக்கு முன்பே ஒலிக்கும். திகைக்க வேண்டியதில்லை. இமாம் அபூஹனீஃபாவின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது ஆகிய இருவரின் கருத்தும் அந்நேரத்தையே சார்ந்தது. தொழுகை முடிந்ததும் அங்குள்ள பெரியவர் ஒருவருக்கு ஸலாம் கூறி நலம் விசாரித்தால், எந்த வழிகாட்டியும் சொல்லாத செய்திகளை அவர் சொல்வார்.

அடுத்து வெயில். நண்பகலில் குழந்தைகளும் முதியோரும் வாடிவிடுவர். கடும் வெப்பத்தில் லுஹரைச் சற்றுத் தாழ்த்தித் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருப்பது உடலையும் மதிக்கும் மார்க்கத்தின் அடையாளம். நாம் நிழலைத் தேடும் அதே வேளையில், நமக்காக வெயிலில் காத்திருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் தாகம் உண்டு. தாகித்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது சிறந்த தர்மங்களுள் ஒன்று. 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற மக்கள் அவர்கள். கப்பலுக்குள் கணக்கின்றிச் செலவிட்டுவிட்டு, பனங்கட்டி விற்கும் மூதாட்டியிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுவது முஃமினின் பண்பாகாது. அனுமதி கேளாமல் எவரையும், குறிப்பாகப் பெண்களையும் குழந்தைகளையும் படமெடுப்பதும் அவ்வாறே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். புறப்படும் முன் பிள்ளைகளை அமரவைத்து இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். திரும்பிய பின், எத்தனை இடங்களைப் பார்த்தாய் என்று கேட்காதீர்கள். எத்தனை பேரிடம் பேசினாய் என்று கேளுங்கள். பயணியின் துஆ ஏற்கப்படும் என்பது நபிமொழி. மாலையில் கப்பல் கரையை விட்டு விலகும்போது, அத்தீவின் எல்லா மக்களுக்காகவும் கையேந்துவது, ஒரு நாள் நம்மை ஏற்றுக்கொண்ட மண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

பார்ப்பதைப் படிப்பினையாக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.