மூன்று தப்புக்குப் பூட்டு: தண்டனை யாருக்கு?

 

நான் உறுப்பினராக இருக்கும் ஒரு சிறு சங்கத்தின் இணையதளத்தில் போன மாதம் யாரோ இரவெல்லாம் எங்கள் கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆள் உட்கார்ந்து போடுவதில்லை, நிரல் போடுகிறது. உள்ளே எங்கள் வங்கிக் கணக்கு எண், பான் எண் எல்லாம் இருக்கின்றன. நிர்வாகம் உடனே ஒரு சுற்றறிக்கை விட்டது: 30 நாளுக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், மூன்று முறை தப்பாகப் போட்டால் 24 மணி நேரம் கணக்கு பூட்டப்படும்.

இரண்டு நாள் கழித்து நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்க வந்தவர்களிடம் ஒரே புலம்பல். "சார், நான் ஒரு தடவைகூடப் போடலை, கணக்கு பூட்டியிருக்குன்னு வருது!" வரத்தானே செய்யும்? தப்பாகப் போட்டது நிரல், பூட்டு விழுந்தது நமக்கு. இனித் திருடன் உள்ளே வரவே வேண்டாம். ஒவ்வொருவர் பெயரிலும் மூன்று தப்பு போட்டால் சங்கம் முழுவதையும் வாசலில் நிறுத்திவிடலாம். கல் எறிந்தவன் ஓடிவிட்டான் என்று முதல் பெஞ்சுப் பையனை முட்டி போட வைப்பது எந்த ஊர் நியாயம்?

"வயசானவங்க பிறந்த தேதியைக் கடவுச்சொல்லா வெச்சா இப்படித்தான்" என்றார் ஒரு நிர்வாகி. ஐயா, அதை முதல் கடவுச்சொல்லாகக் கொடுத்ததே உங்கள் தளம்தானே! கணக்குப் போடுவோம். உறுப்பினர்கள் 58 முதல் 80 வயது வரை என்றால் 23 ஆண்டு, 365 நாள்: 8,395 தேதிகள். நொடிக்கு ஒன்று போட்டாலும் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2019-இல் நம் சென்னை இளைஞர் லட்சுமண் முத்தையா இன்ஸ்டாகிராமில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். கடவுச்சொல் மறந்தால் ஆறு இலக்க எண் வரும், பத்து நிமிடம் செல்லும். மொத்தம் 10 லட்சம் எண்கள். தளம் தப்புகளை எண்ணத்தான் செய்தது. ஆனால் 1,000 வெவ்வேறு முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பியபோது 2 லட்சம் முயற்சிகள் தடையில்லாமல் போயின. நிறுவனம் ஓட்டையை அடைத்து அவருக்கு 30,000 டாலர் பரிசு கொடுத்தது. பயனாளர்தான் குற்றவாளி என்று சுற்றறிக்கை விடவில்லை.

இதிலிருந்து என்ன படிக்கிறோம்? முயற்சி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் எண்ணினால் போதாது. எந்தக் கணக்கின் மேல் வருகிறது என்பதையும் எண்ண வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். நாம் ஏற்கெனவே சரியாக நுழைந்த போன், கணினிக்குத் தனிக் கணக்கு வையுங்கள். அப்போது யாரோ செய்யும் தப்பு நம்மைப் பூட்டாது. சந்தேகம் வந்தால் கைபேசிக்கு ஓடிபி அனுப்புங்கள். அந்த ஓடிபி கேட்கும் பக்கத்திலும் அதே காவல் இருக்கட்டும்; இன்ஸ்டாகிராம் கோட்டை விட்டது அந்தப் பின்வாசலில்தான். நிர்வாகிகளின் கணக்குக்கு ஓடிபி கட்டாயமாகட்டும்.

மாதாமாதம் மாற்றச் சொல்வதும் வேண்டாத வேலை. கடவுச்சொல் வெளியே போனதற்கு அடையாளம் இல்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017-லேயே சொல்லிவிட்டது. ஒரு கணக்கில் தொடர் தப்புகளுக்கு அது வைத்த உச்ச வரம்பு 100. நம்மவர்களுக்கு மூன்று! மாதம் ஒன்று மாற்றச் சொன்னால் என்ன நடக்கும்? காலண்டர் ஓரத்தில் எழுதி வைப்போம். வேறென்ன செய்வது?

நம் பங்கும் உண்டு, மறுக்கவில்லை. பிறந்த தேதியை இன்றே மாற்றுங்கள். சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். ஒன்றையே எல்லா இடத்திலும் போடாதீர்கள்.

ஆனால் வாசலில் காவல் போட வேண்டியது வீட்டை நடத்துகிறவர்கள். அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப்போவது ஒரே கேள்வி: "தப்புகளை யார் கணக்கில் எழுதுகிறீர்கள்?" உங்கள் சங்கத்திலும் கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.