திரையரங்கில் இரண்டு விசுவாசிகள்



சினிமாவைக் குறித்து இப்பத்திரிகையில் எழுதுவதா என்று சிலர் மனம் நோகலாம். திரையரங்கிற்குச் செல்லும்படி நான் எவரையும் ஏவவில்லை. அதைக் குறித்த நம் சபைகளின் போதனையை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் எங்கள் சபைக் குடும்பமொன்றில் நடந்ததை அவர்களுடைய சம்மதத்தோடே எழுதுகிறேன்.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ‘கே.ஜி.எஃப்’ என்னும் திரைப்படம் கன்னடத்திலும் தமிழ் முதலிய மொழிகளிலும் வெளியாயிற்று. பெங்களூரில் வேலை செய்யும் ஒரு வாலிபன், எங்கே போகிறோம் என்று சொல்லாமலே, தன் தகப்பனாரை இரவுக் காட்சிக்கு அழைத்துச் சென்றான். தகப்பனாரோ தங்கவயல் கோரமண்டலில் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். ஞானஸ்நானம் பெற்ற நாள்முதல் திரையரங்கின் வாசலை மிதியாதவர்.

உள்ளே சென்று அமர்ந்த பின்புதான் சங்கடம் தொடங்கிற்று. முன்வரிசையில் ஒரு குடும்பம்; வெள்ளைச் சட்டையும், காதிலும் கழுத்திலும் பொட்டுத் தங்கமில்லாத தாயாரும். நம்மவர்களை இருட்டிலும் கண்டுகொள்ளலாமே! அவர்களும் எங்கள் சபையாரே. இரு குடும்பத்தாரும் ஒருவரையொருவர் காணாதவர்போல் தரையை நோக்கிக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் அடிமைகளும் கொலைகாரரும் நிறைந்த ஒரு சுரங்கம். கதை முழுவதும் கற்பனை. மெய்யான தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியாரும் பின்னர் அரசாங்கத்தாரும் சுரங்கங்களை நடத்தினார்கள். வடஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற நம் ஜனங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறையை உடைத்தார்கள். இடைவேளையில் பெரியவர், “தம்பி, இது எந்த ஊர்?” என்று கேட்டாராம். மகனிடத்தில் பதில் இல்லை.

அவன் அழைத்துப் போனது தகுமா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். என் வருத்தம் வேறு. தகப்பன் உழைத்த இடத்தை அறிய மகன் ஏன் திரையரங்கிற்குப் போகவேண்டியிருந்தது? 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நகரத்தில் கர்த்தர் தந்த வேலையையும் வீட்டையும் நாம் சாட்சியாகச் சொல்லுகிறோம். லைன் வீட்டையும் வறுமையையும் வெட்கப்பட்டு மறைக்கிறோம். யோர்தானைக் கடந்தபோது நாட்டப்பட்ட பன்னிரண்டு கற்கள், பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் பதில் சொல்லும்படிக்கே அல்லவா? யோசுவா 4-ஆம் அதிகாரத்தைக் குடும்ப ஜெபத்தில் வாசித்துப் பாருங்கள்.

படம் முடிந்து, வாகனம் நிறுத்துமிடத்தில் இரு குடும்பத்தாரும் தப்பமுடியாமல் எதிர்ப்பட்டார்கள். “பிரதர், நீங்களுமா?” என்றார் ஒருவர். “நான் நந்திதுர்க் சுரங்கம்” என்றார் மற்றவர். எட்டு வருஷம் ஒரே ஆராதனையில் அருகருகே அமர்ந்தவர்கள், அன்றைக்குத்தான் இதை அறிந்தார்கள்! கேஜ் என்னும் கூண்டில் இறங்குகையில் ஏறெடுத்த ஜெபத்தையும், பாறை வெடித்த சத்தம் கேட்டுப் பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடியதையும் பேசிக்கொண்டே நின்றார்கள். காவலாளி வந்து இருமுறை விளக்கை அணைத்துக் காட்டிய பின்பும் அவர்கள் அசையவில்லை. பிள்ளைகள் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்கள்.