டிகிரி குறைவு, புழுக்கம் அதிகம்!

அக்னி நட்சத்திரம் வந்தால் மாலைச் செய்தியில் தவறாமல் அடிபடும் பெயர் திருத்தணி. அதை அடுத்த ஆர்.கே.பேட்டைக்கும் அதே வெயில்தான். வறண்ட மேல்காற்று மதியத்தில் முகத்தைச் சுடும். ஆனால் துவைத்துப் போட்ட வேட்டி கொஞ்ச நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். சென்னையில் சில டிகிரி குறைவாகவே இருக்கும். இருந்தும் திருத்தணியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்குகிறவர், "இதென்னப்பா, இப்படிப் புழுங்குது!" என்பார்.

இரண்டுமே பொய்யில்லை. உடம்பு குளிர்வது வியர்வை சிந்துவதால் அல்ல, அது காய்வதால். மண்பானை கதைதான். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சட்டையை நனைப்பதோடு நின்றுவிடும். அமெரிக்க வானிலைத் துறையின் கணக்குப்படி, நிழலில் 40 டிகிரி செல்சியஸும் 25 சதவீத ஈரப்பதமும் இருந்தால் உடம்புக்கு 41 போலத் தெரியும். வெறும் 35 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் 47-ஐத் தாண்டிவிடும்!

இந்தக் கணக்குக்கு அடிப்படை, ராபர்ட் ஸ்டெட்மன் 1979-இல் வெளியிட்ட ஆய்வு. மனித உடலோடு, உடுத்தும் துணியையும் சேர்த்தே அவர் கணக்குப் போட்டார்.

துணி என்றதும் ஆர்.கே.பேட்டையின் தறிகளுக்கு வந்தாக வேண்டும். பருத்தி நூலுக்கு ஈரம் வேண்டும். காற்று வறண்டால் பாவு இழை படபடவென்று அறும். அந்தக் காலக் குழித்தறியில் மண்ணின் ஈரமே நூலைக் காப்பாற்றியது. விசைத்தறிக் கொட்டகையில் தரையில் தண்ணீர் தெளித்து, ஜன்னலையும் சாத்தினால் இழை அறாது. ஆனால் உள்ளே நிற்பவரின் வியர்வையும் காயாது. வெளியே வறண்ட வெயில், உள்ளே சென்னைப் புழுக்கம்!

இது புதிய வழக்கில்லை. இங்கிலாந்தின் நெசவாலைகளில் நூலுக்காக நீராவியையே உள்ளே விட்டார்கள். தொழிலாளர்கள் போராடி, 1889-இல் அதற்கு வரம்பு கட்டும் சட்டம் வந்தது. நம் நாட்டின் 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலும் செயற்கை ஈரத்துக்கென 15-ஆவது பிரிவு சேர்ந்தது. வீட்டோடு நாலு தறி போட்டிருப்பவரைத்தான் எந்தச் சட்டமும் எட்டிப் பார்ப்பதில்லை.

அவர் செய்யக்கூடியது, சூடும் ஈரமும் வெளியேற எதிரெதிரே திறப்பு வைப்பதும், காற்று நேராக உடம்பில் படும்படி மின்விசிறியைத் திருப்புவதும்தான். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மோரோ, உப்புப் போட்ட கஞ்சியோ குடிக்கலாம்.

வீட்டு ஏர்கூலருக்கும் இதே கதைதான். ஆர்.கே.பேட்டையின் வறண்ட மதியத்தில் அது ஜில்லென்று வேலை செய்யும், ஜன்னலைத் திறந்து வைத்தால். சாத்தி வைத்தால் அறையே இட்லிப்பானை. கடற்காற்று எட்டிப் பார்க்கும் மாலையிலும், மழை பெய்து ஓய்ந்த இரவிலும் தண்ணீரை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிடுவது நல்லது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படிகளை ஏறுகிறவர்களுக்கும் இது பொருந்தும். சித்திரை வெயில் இல்லையே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. நெரிசலில் காற்றுப் புகாது, வியர்வை காயாது. தலைசுற்றல், குமட்டல் வந்தால் நிழலில் உட்கார வைத்து, உடம்பை நனைத்து விசிற வேண்டும். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.